உப்புத்துறைக் கோச்சு வண்டி

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வெளியே முழங்கால் அளவு பனி. வேப்பம்பூவும் இல்லை, மாங்காயும் இல்லை. புளிப்பு ஆப்பிளை நறுக்கி வெல்லம் போட்டுப் பச்சடி என்று பெயர் வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “வருஷப் பொறப்பு நல்லாத்தான் இருக்குது. ஆப்பிள்தான் கொஞ்சம் செரமப்படுது” என்றார்.

மளிகைக் கடைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். ‘கோடைக்குச் சுற்றுலா வழிகாட்டி தேவை. ஓர் ஆள் மட்டும். குதிரைக் கோச்சு வண்டியில் பயணிகளோடு சென்று ஊரைக் காட்ட வேண்டும். பேசத் தெரிந்திருக்க வேண்டும்.’ அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தேன்.

அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்தில் இந்த ஊருக்குப் பெயர் சால்ட் ஃபோர்டு. சால்ட் என்றால் உப்பு, ஃபோர்டு என்றால் ஆற்றுத் துறை. நான் உப்புத்துறை என்றே சொல்லிக்கொள்கிறேன். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் மாட்டு மந்தைகளை ஓட்டி வந்த கௌபாய்கள் ஆற்றைக் கடக்க நின்ற இடம். இப்போது அந்தக் கௌபாய்களைப் பார்க்கத்தான் கார் காராக ஜனங்கள் வருகிறார்கள். இங்கிருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் செங்கோட்டுவேல் எக்ஸ்ரே டாக்டர். மகள் காலேஜ் விடுதியில் இருக்கிறாள். வந்து மூன்று வருஷம் ஆயிற்று. எனக்கு இங்கே பெயர் ‘டாக்டர் சம்சாரம்’. தாராபுரம் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் பூகோளம் நடத்திய தமயந்தி டீச்சரை இங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

வண்டிச் சுற்றுலாவை நடத்துகிற அருங்காட்சியகத்தின் நிர்வாகி லோரெட்டா அம்மாளைப் பார்த்தேன். எழுபத்திரண்டு வயது, குச்சி மாதிரி நிமிர்ந்த முதுகு. அவர் ஆங்கிலம் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை பேசுவதுபோலவே என் காதில் விழுகிறது. அதனால் இந்த நோட்டில் அவர் இலக்கணத் தமிழில்தான் பேசுவார்.

“இங்கே வருகிறவர்கள் கௌபாய் ஊரைப் பார்க்க வருகிறார்கள். உங்களைப் பார்த்ததும் அவர்களுக்கு என்ன தோன்றும்?” என்று கேட்டார்.

“வழி தவறி வந்துட்டோம்னு தோணும். அப்புறம் நான் பேச ஆரம்பிச்சுடுவேன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நாற்பத்திரண்டு பக்கக் கட்டு ஒன்றை நீட்டினார். பதினான்கு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவரே இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. மூன்று ஒத்திகைகள். அதில் தேறினால் மே 24 அன்று சீசன் தொடங்கும்போது வேலை.

போட்டிக்கு ஒருவர் இருக்கிறார். சக் என்று பெயர். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தொப்பி, தோல் சட்டை, குதிரையைக் குத்தி ஓட்ட பூட்ஸில் மாட்டுகிற, நடந்தால் ஜல்ஜல் என்று ஒலிக்கும் குதிமுள் எல்லாம் உண்டு. மாட்டைத் தட்டில்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இருபத்தெட்டுப் பக்கம் மனப்பாடம். இவர்களுக்கு நம்மைப் பற்றித் தெரியாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு பதினான்கு இடங்களையும் நடந்தே பார்த்தேன். ஒற்றை அறைச் சிறைச்சாலை. அந்தக் காலத்தில் சாராயம் விற்று, இப்போது ஐஸ்கிரீம் மட்டும் விற்கிற பழைய சலூன். தினமும் நாலு மணிக்குப் பொய்த் துப்பாக்கிச் சண்டை நடக்கிற முச்சந்தி. வண்டிப் பயணிகள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போன பாறை. ஊருக்கு வெளியே முட்டை நாற்றம் அடிக்கும் வெந்நீர் ஊற்று. அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் முழுக்க முள்வேலிக் கம்பி, நூற்றுப் பதினேழு வகை.

“இதைப் பாக்கறதுக்கா டிக்கெட்டு? நம்ம காட்டுக்கு வந்தா நான் சும்மாவே காட்டுவனே” என்றார் அவர்.

கண்ணாடிப் பெட்டி ஒன்றில் இரண்டு சிலேட்டுகள் இருந்தன. எழுதாத சிலேட்டுகள். அவர் கம்பிப் பக்கம் போய்விட்டார், நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

மே 3, சனி

முதல் ஒத்திகை. அருங்காட்சியகக் குழுவினர் ஐந்து பேரும் லோரெட்டா அம்மாளும் பயணிகளாக உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே அவர்களோடு. மேலே ஓட்டுகிற இடத்தில் எர்ல். எழுபத்து நாலு வயது. முப்பத்தொரு வருஷமாக இந்த வண்டி ஓட்டுகிறார். அதற்கு முன்னால் நிஜமான கௌபாய். வார்த்தையை இழுத்து இழுத்து, முடிவில் ஒரு மரியாதை வைத்துத்தான் பேசுவார். அவர் ‘மேம்’ என்றால் என் காதில் ‘அம்மணி’ என்றுதான் விழுகிறது. அவர் பேச்சை எங்கள் கொங்குப் பேச்சில் எழுதினால்தான் அது எர்ல் மாதிரி இருக்கிறது. வேறு மாதிரி எழுதினால் பொய்யாகிவிடும்.

நாற்பத்திரண்டு பக்கத்தையும் ஓர் எழுத்து விடாமல் சொன்னேன். முடிந்ததும் லோரெட்டா அம்மாள், “ஒரு சொல்லும் தவறவில்லை. ஆனால் ரயில் நிலையத்தில் அறிவிப்புக் கேட்டதுபோல் இருந்தது” என்றார்.

மத்தியானம் சக்குக்கு ஒத்திகை. பாதி மறந்துபோய், மறந்த இடத்தில் எல்லாம் தொப்பியைச் சுழற்றி ‘யீ-ஹா’ என்று கத்தினாராம். குழுவினர் கை தட்டினார்களாம்.

வீட்டுக்கு வந்து நான்கு தோசை சாப்பிட்டேன். கோபம் இல்லை, பசிதான்.

மே 7, புதன்

கோபம்தான்.

மே 10, சனி

இரண்டாவது ஒத்திகை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இன்று காகிதக் கட்டைப் பார்க்கவில்லை. பார்த்ததைச் சொன்னேன். சிறைச்சாலையில் ஆணியால் சுவரில் கிறுக்கியவனுக்கு எழுத்துப் பிழை இருந்ததைச் சொன்னேன். முள்வேலியைப் பற்றி வீட்டுக்காரர் சொன்னதையும் சொன்னேன், சிரித்தார்கள். சக்கும் வண்டியில் இருந்தார், என்னை வேவு பார்க்க. அவரும் சிரித்தார்.

பதினோராவது நிறுத்தம் மேட்டு மேலே இருக்கும் இடுகாடு. சேறாக இருந்ததால் பயணிகள் இறங்கவில்லை. நான் மட்டும் இறங்கி, முன் குதிரைகளுக்குப் பக்கத்தில், கல்லைக் காட்டியபடி நின்றேன். எர்ல் அந்த இடத்தில் எப்போதும் இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். அது அவர் வழக்கம்.

ஹான்னா என்று ஒருத்தி. கௌபாய்களுக்குத் துணி வெளுத்தவள். புருஷன் மாட்டு மந்தையோடு ரயிலடி ஊருக்குப் போயிருந்தான். அந்த வருஷப் பனியில் ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவனுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. பனி உருகிய பிறகு வந்தான். பள்ளிக்கூடமே இல்லாத இந்த ஊருக்கு, பிள்ளைகள் எழுதிப் பழகட்டும் என்று ஆளுக்கொரு சிலேட்டு வாங்கி வந்தான். லோரெட்டா அம்மாளின் காகிதக் கட்டில் இது இரண்டே வரி. நான் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றதிலிருந்து தொடங்கிச் சொன்னேன். சிலேட்டைச் சொன்னபோது, ‘பாவம்’ என்று உச்சுக் கொட்டினேன்.

அந்த நேரம் பார்த்துக் குதிரைகள் கிளம்பிவிட்டன.

எர்ல் கீழே, நான் கீழே, ஏழு பேரோடு வண்டி இறக்கத்தில் போகிறது. சக் ஜன்னல் வழியாகக் குதித்தார். குதிமுள் இரண்டும் சேற்றில் குத்திக்கொண்டு, நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். நானும் எர்லும் ஓடினோம். குதிரைகள் பாட்டுக்குப் பழகின வழியில் போய், வழக்கமாக நிற்கும் சலூன் வாசலில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தன. ஒருவருக்கும் அடி இல்லை. லோரெட்டா அம்மாளின் தொப்பியை மட்டும் காணவில்லை.

காற்று பலமாக இருந்தது. குதிரை காற்றுக்கு மிரளும்.

மே 11, ஞாயிறு

கால் வலி. நாற்பத்தேழு வயதில் குதிரைக்குப் பின்னால் ஓடக் கூடாது.

மே 12, திங்கள்

லோரெட்டா அம்மாள் கூப்பிட்டனுப்பினார். திட்டத்தான் என்று போனேன்.

“சனிக்கிழமை நீங்கள் பேசியது நன்றாக இருந்தது. குழுவினர் அனைவருக்கும் பிடித்துவிட்டது. மூன்றாவது ஒத்திகை பெயருக்குத்தான். இந்தக் கோடைக்கு நீங்கள்தான் வழிகாட்டி” என்றார்.

எனக்கு அங்கேயே எழுந்து நின்று கும்மி அடிக்க வேண்டும் போலிருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

“எர்லை நிறுத்திவிடுகிறோம்” என்று அதே மூச்சில் சொன்னார். “அவர் சொல்லாமல் குதிரைகள் நகராது என்று அவரே சொல்கிறார். அப்படியானால் அவர் சொல்லியிருக்கிறார், சொன்னதை மறந்துவிட்டார். பிரேக்கையும் முழுதாக இழுக்கவில்லை. வயதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை குதிரைகளை ஒப்படைத்துவிடுவார்.”

பாவம்தான். ஆனால் வேலை கிடைத்துவிட்டது! மகளுக்குப் போன் செய்து கத்தினேன். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். ஒரு நர்ஸ் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாழ்த்தினாள். ‘டமாயந்தி’. போதும்.

மே 13, செவ்வாய்

எங்கள் ஊர் வெல்லப் பலகாரம், கச்சாயம் சுட்டேன். சந்தோஷத்துக்குச் சுட்டது. எர்லுக்கும் கொஞ்சம் கொண்டுபோனேன்.

லாயத்தில் தனியாக இருந்தார். குழாயில் வாளியை வைத்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றபடியே பேசினார்.

“என்ற அண்ணனுக்கும் இப்படித்தானுங்க அம்மணி ஆரம்பிச்சுது. மொதல்ல சாவிய மறந்தான். அப்பறம் பொண்டாட்டி பேர மறந்தான். கடைசில என்னயவே ஆருடான்னு கேட்டுப்போட்டான். இப்ப என்ற மொறை வந்துருச்சாட்ட இருக்குதுங்க. நான் குதிரைக்குச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லீங்க. ஆனா அதுக கேட்டிருக்குதுக. அதுக பொய் சொல்லாதுங்களே.”

எனக்கு மனசு தாங்கவில்லை. என்னையறியாமல் உச்சுக் கொட்டினேன்.

லாயத்தில் கட்டியிருந்த நான்கு குதிரைகளும் தலையைத் தூக்கின. முன்னால் நின்ற சாம்பல் குதிரை ஓர் அடி எடுத்து வைத்து, கயிறு இழுத்ததும் நின்றது. எர்ல் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கச்சாயம் கொஞ்சம் கருகல். இன்று வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மே 14, புதன்

ஜன்னல்கள் எல்லாவற்றையும் துடைத்தேன். மேலலமாரியைக் காலி செய்து பழைய டப்பாக்களைக் கழுவினேன். துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி மெஷினில் போட்டுவிட்டேன்.

எழுபத்து நாலு வயது வேலையை விடுகிற வயதுதான். எங்கள் ஊரில் ஐம்பத்தெட்டிலேயே மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள்.

மே 15, வியாழன்

ராத்திரி சாப்பாட்டில் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே, “மூணு நாளா ரசத்துல உப்பில்ல. ஊரு பேர்லதான் இருக்குதுன்னு விட்டுட்டயா?” என்றார்.

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். குதிரையை நகர்த்த எர்ல் என்ன சத்தம் கொடுப்பார் என்று நான் கேட்டதே இல்லை. வண்டிக்கு உள்ளே உட்கார்ந்தால் சக்கரச் சத்தம்தான் கேட்கும். அவர் நாக்கால் கொட்டுகிற உச்சு அது. நாம் செத்த வீட்டில் கொட்டுகிற அதே உச்சு.

“சொன்னா வேலை போயிரும்” என்றார் வீட்டுக்காரர்.

“ஆமாங்க.”

“சொல்லாட்டி?”

“அந்த மனுஷன் தனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டே மீதி நாளை ஓட்டுவாருங்க.”

அவர் உப்பு டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை ரசத்தில் போட்டுக் கலக்கி, எனக்கும் ஊற்றினார்.

இந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ரொம்ப வேண்டும். மூன்று வருஷமாக ஜன்னல் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 16, வெள்ளி

ஒன்பது மணிக்கே போய் லோரெட்டா அம்மாள் முன்னால் நின்றேன். “குதிரைகளைக் கிளப்பினது எர்ல் இல்லை, நான்” என்றேன். எப்படி என்றும் சொன்னேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அவரைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக இல்லாததைச் சொல்லாதீர்கள்.”

“வாசலுக்கு வாங்க” என்றேன்.

சலூன் வாசலில் எர்ல் வண்டியை நிறுத்தியிருந்தார். சாவியையும் சாட்டையையும் ஒப்படைக்கக் கொண்டுவந்திருந்தார். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். பார்க்கவே முடியவில்லை. வண்டியில் யாரும் இல்லை. நான் முன் குதிரைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்த இரண்டு பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். உச்சுக் கொட்டினேன். இரண்டே தரம்.

நான்கு குதிரைகளும் ஒன்றாகக் காலெடுத்தன. வண்டி கடகடவென்று நகர்ந்தது. எர்ல் தாவிப் போய்க் கடிவாளத்தைப் பிடித்து, “ஓ… ஓ…” என்று நிறுத்தினார். அப்புறம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“அப்ப அன்னிக்கு… நான் இல்லீங்களா அம்மணி?”

“நீங்க இல்லீங்க. நாந்தானுங்க.”

பலகை நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். அப்புறம் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

லோரெட்டா அம்மாள் நின்றபடியே கேட்டார். “எதற்காக அந்தச் சத்தம்?”

“எங்க ஊர்ல துக்கத்தைக் கேட்டா இப்படித்தான் பண்ணுவோம். பண்ணலைன்னா, காது குடுத்துக் கேக்கலைன்னு அர்த்தம்.”

“நீங்கள் கேட்பவர் இல்லையே. சொல்பவர் ஆயிற்றே.”

“சொல்லும்போது எனக்கும்தானே கேக்குது.”

அவர் மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “நான் எழுதியதை இருபத்திரண்டு வருடமாக ஆயிரக்கணக்கானோர் கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் ஒரு சத்தமும் கொடுத்ததில்லை” என்றார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார். “எர்ல் பணியில் தொடரலாம். ஆனால் குதிரைகளைக் கிளப்பிவிடுகிறவரை அந்த வண்டியில் ஏற்றுவது எப்படி? நாளைக்கு உங்கள் ஒத்திகை கிடையாது.”

வீட்டுக்கு வந்து தூங்கினேன். நான்கு நாளில் இன்றுதான் தூக்கம் வந்தது.

மே 17, சனி

சக்குக்கு ஒத்திகை நடந்தது. யீ-ஹா சத்தம் எங்கள் சமையலறை வரைக்கும் கேட்டது.

மே 18, ஞாயிறு

லோரெட்டா அம்மாள் வீடு தேடி வந்தார்! காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“சக்கை நாலு மணிச் சண்டையில் சாகிறவராகப் போட்டுவிட்டோம். விழுவதில் அவருக்கு நல்ல தேர்ச்சி இருக்கிறது. திறப்பு நாளன்று முதல் சுற்றை உங்களுக்குத் தருகிறேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் சீசனுக்கு முடிவு. ஒரு நிபந்தனை. அந்தச் சத்தம் வரவே கூடாது.”

“வராதுங்க” என்று அடித்துச் சொன்னேன்.

ராத்திரி வீட்டுக்காரர் என்னைச் சோதிப்பதற்காகத் தமிழ்ப் பத்திரிகையில் காலமானார் விளம்பரங்களை வரிசையாகப் படித்தார். மூன்றாவதிலேயே கொட்டிவிட்டேன். “அவருக்குத் தொண்ணூத்தாறு வயசு புள்ள! அவருக்கெல்லாம் எதுக்கு?” என்றார். இருந்தாலும் பாவம் இல்லையா?

மே 19, திங்கள்

லாயத்துக்குப் போய் எர்லிடம் உண்மையைச் சொன்னேன். என் நாக்கு என் பேச்சைக் கேட்க மறுக்கிறது, ஐந்து நாளில் முடியாது என்றேன்.

அவர் தாடையைச் சொறிந்தபடி யோசித்தார். “உங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு, குதிரைகளுக்குச் சொல்லிக் குடுத்தர்லாமுங்க அம்மணி. அதுக சொன்னாக் கேக்கும். வேற ஒரு சத்தம் சொல்லுங்க, அதுக்குப் பழக்கிப்போடலாம். இங்க ஆரும் சொல்லாததா இருக்கோணும்.”

எங்கள் ஊரில் மாட்டுக்கு ‘ஹை’ என்போம் என்றேன். அவர் கையை உதறினார். “ஐயையோ, வர்ற சனமெல்லாம் குதிரையப் பாத்தாலே ஹாய்தானுங்க சொல்லும்!”

பத்தொன்பது வருஷம் தினமும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள் நான். வண்டி கிளம்ப என்ன சொல்வார்கள் என்று என் காதுக்குத் தெரியாதா? சொன்னேன். எர்ல் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். “போலாம் ரைட்.” சரியாக வந்தது. பிடித்துவிட்டது.

மே 21, புதன்

போலாம் ரைட் என்று சொல்லி நடத்துவது, நடந்தால் ஒரு கை ஓட்ஸ். உச்சுக் கொட்டியதும் நகர்ந்தால் ஒன்றும் கிடையாது. இன்று காலையிலிருந்து நானூறு தடவையாவது கத்தியிருப்பேன். சாம்பல் குதிரைக்கு முதலில் புரிந்தது. கடைசிக் கறுப்புக் குதிரை மக்கு, ஆனால் மற்றதைப் பார்த்து எழுதுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளை எனக்குப் பழக்கம் உண்டு.

மே 23, வெள்ளி

மத்தியானம் எர்ல் என்னைக் குதிரைகளுக்கு முன்னால் நிற்கவைத்து, “கொட்டுங்க அம்மணி” என்றார். கொட்டினேன். காது ஆடியது, கால் ஆடவில்லை. பத்துத் தரம் கொட்டினேன். நான்கும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. லோரெட்டா அம்மாளைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் தானும் ஒரு தடவை நாக்கால் கொட்டிப் பார்த்தார். பிறகு, “பிரேக்கை முழுதாக இழுக்க வேண்டும். எர்ல் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாளைக்குக் கட்ட எந்தப் புடவை என்று குழப்பம். வண்டியில் ஏறி இறங்கச் சுடிதார்தான் சரி. தொப்பி வைக்கமாட்டேன்.

மே 24, சனி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பத்து மணி. ஊரே கொடிகளும் கூட்டமுமாக இருந்தது. வண்டியில் ஒன்பது பேர். ஒரு கைக்குழந்தைக்காரி, டெக்சாஸிலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு குடும்பம், தனியாக ஒரு லாரி டிரைவர். என்னைப் பார்த்ததும் எல்லார் முகத்திலும் அதே கேள்வி. “வழி தவறலீங்க, இதுதான் வண்டி” என்றேன். சிரித்தார்கள். மேலே எர்ல் குரல் கொடுத்தார். வயோமிங் மாநிலத்தில், நான்கு குதிரை பூட்டிய கோச்சு வண்டி, ‘போலாம் ரைட்’ என்றதும் கிளம்பியது. எனக்குப் புல்லரித்துப்போயிற்று.

எல்லா இடத்தையும் சொன்னேன். வெந்நீர் ஊற்று நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்தவர்கள், அதில் குளித்துத்தான் கௌபாய்களின் முட்டிவலி போனது என்றதும் மூக்கை விட்டுவிட்டுக் காலை நனைத்தார்கள். இடுகாட்டில் எர்ல் இருக்கையை விட்டு இறங்காமல் மேலேயே தொப்பியைக் கழற்றினார். நான் ஹான்னாவைச் சொன்னேன். அவள் அப்புறம் என்ன ஆனாள் என்று, மூன்று நாளாக லாயத்திலிருந்து திரும்பும் வழியில் அருங்காட்சியகப் பழம் பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டிக் கண்டுபிடித்திருக்கிறேன். அதையும் சொல்ல ஆரம்பித்தேன். அவ்வளவு பெரிய கதை என்று எனக்கே தெரியவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று என்று நிறுத்தங்கள் போய்க்கொண்டே இருந்தன, கதை முடியவில்லை. மாறி மாறி உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தோம். லாரி டிரைவருக்குத்தான் சரியாக வந்தது. குதிரைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினான்காவது நிறுத்தம், சலூன் வாசல். வண்டி நின்றுவிட்டது. “இத்தோட சுற்று முடிஞ்சுது. வந்ததுக்கு ரொம்ப நன்றி” என்றேன்.

ஒருவரும் இறங்கவில்லை.

கதவைத் திறந்துவிட்டேன். அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரி, “ஹான்னா?” என்று மட்டும் கேட்டாள். வாசலில் அடுத்த சுற்றுக்கு வரிசை நிற்கிறது. லோரெட்டா அம்மாள் கையில் கடிகாரத்தோடு வந்தார். போயிற்று, நேரத்தைத் தாண்டிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, “ஏன் இறங்கவில்லை?” என்றார்.

“ஹான்னா கதை இன்னும் முடியலை” என்றார் லாரி டிரைவர்.

“இறந்துபோனாள். கல் இருக்கிறதே” என்றார் லோரெட்டா அம்மாள்.

“அதுக்கு முந்தி முப்பது வருஷம் இருந்திருக்காங்க” என்றேன் நான். “அந்தச் சலவைக் கொட்டகையில இந்த ஊர்ல முதல்முதலாப் பள்ளிக்கூடம் வச்சது அவங்கதான்.”

அவர் என்னையே பார்த்தார். இந்த ஊரில் பிறந்தவர். இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர். இந்த ஊர்க் கதையை நாற்பத்திரண்டு பக்கம் எழுதியவர். வரிசையில் நின்றவர்களிடம் திரும்பி, “அடுத்த வண்டி தாமதமாகும். எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள்” என்றார். அப்புறம் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்.

“சீசன் முழுவதும் நீங்கள்தான்” என்று என் காதோடு சொன்னார். பிறகு லாரி டிரைவரை நகரச் சொல்லி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார். கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பத்தொன்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். மணி அடித்த பிறகும் எழுந்திருக்காமல், “அப்புறம்?” என்று கேட்ட பிள்ளை எனக்கு வாய்த்ததே இல்லை. இன்றைக்கு வாய்த்தது. அதற்கு எழுபத்திரண்டு வயது.